15 ஆட்டம், 30 அம்பயர் இடம், நான் ஒருத்தன்

போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் ஊர் சிறுவர் பேஸ்பால் லீக் ஒரு தொடர் நடத்தியது. அதற்கு அம்பயர்களையும் கோச்சுகளையும் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, நானே போய்த் தலையைக் கொடுத்தேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். பையனுக்குப் பத்து வயது. நான் திண்டுக்கல்லில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்; அவன் ஏழு வயதில் ஆட ஆரம்பித்த பிறகுதான் பேஸ்பாலை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். பிப்ரவரியில் நூலகத்து அறை ஒன்றில் லீக்கை நடத்தும் போர்டின் கூட்டம். "அம்பயர் விஷயத்தை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டதும் எல்லோரும் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். முந்தைய சீசனில் ஆள் வராத நாட்களில் நான் மூன்று முறை பேஸ் அம்பயராக நின்றிருக்கிறேன். அந்தத் தகுதியில் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தட்டிய தட்டிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விதிப் புத்தகம் எங்கும் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆட்களை எப்படித் தயார் செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான்கு மாதம் தனியாகத் தடுமாறினேன். அடுத்து கையைத் தூக்கப்போகும் அப்பாவோ அம்மாவோ அதே குழியில் விழவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 9, 10 வயதுப் பிள்ளைகள், எட்டு அணி. நான்கு நான்காக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் என்றால் மொத்தம் 12. அப்புறம் இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. ஆக 15 ஆட்டம். ஆட்டத்துக்கு ஹோம் பிளேட்டுக்கு (மட்டை பிடிப்பவர் நிற்கும் இடத்துத் தட்டு) பின்னால் ஒருவர், ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ் பக்கம் ஒருவர். 30 இடம். வெள்ளி மாலை 2 ஆட்டம், சனிக்கிழமை 8, ஞாயிறு 5, எல்லாம் இரண்டே மைதானத்தில். என்னிடம் பெரியவர்கள் நால்வர், பதின்வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். வெள்ளி இரவு 9.40க்கு ஒரு மெசேஜ், பத்து மணிக்கு இன்னொன்று. பெரியவர்களில் இருவர் வரமுடியாது. ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இன்னொருவருக்கு வேறு ஏதோ தொடரில் கூடுதல் பணம் கிடைத்திருக்கிறது (அவர் அப்படிச் சொல்லவில்லை, மறுநாள் யாரோ போட்ட போட்டோவில் பார்த்தேன்). இரவு ஒரு மணி வரை போன் போட்டு, பக்கத்துக் கவுன்டியில் அம்பயர் அனுப்பும் ஒருவரைப் பிடித்தேன். சனிக்கிழமை ஒரு மைதானத்தின் நான்கு ஆட்டத்துக்கு இரண்டு பேர், தலைக்கு ஆட்டத்துக்கு 90 டாலர். 720 டாலர். நான் அந்த நான்கு ஆட்டத்துக்குத் தலைக்கு 50 என்று ஒதுக்கியிருந்தது 400. மிச்சம் 320 என் கையிலிருந்து போனது. அந்த நேரத்தில் போர்டில் யாரை எழுப்பிக் கேட்பது?

அம்பயரிடம் "வர்றீங்கதானே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அட்டவணையில் பெயரைப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஒருமுறை, மூன்று நாளுக்கு முன் ஒருமுறை, இந்த நாள் இந்த மைதானம் இத்தனை மணி என்று எழுதி அனுப்பி, பதில் வாங்குங்கள். பதில் வராத பெயரை அடித்துவிட்டு வேறு ஆள் தேடுங்கள். சும்மா இருந்தாலும் பணம் உண்டு என்று சொல்லி, நாளுக்கு ஒருவரைத் தயாராக உட்கார வைப்பது 90 டாலர் ஆளை நள்ளிரவில் தேடுவதைவிட மலிவு. ஜூன் வெயிலில் மாஸ்க், மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஒருவர் ஒரே நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க முடியாது. மூன்றாவது ஆட்டத்தில் அவர் பந்தைப் பார்ப்பதில்லை, நிழலைத்தான் பார்க்கிறார்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பாலுக்கான அமெரிக்க அமைப்பு) விதிப்படி நடத்தும் எந்த லீகிலும் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கு வருஷா வருஷம் பின்னணிச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். பிள்ளைகள் மீதான வன்கொடுமையை அடையாளம் காணும் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். தலைமை கோச்சுகள் எட்டுப் பேரும் முடித்திருந்தார்கள். முதல் பேஸ் பக்கம் நின்று பையன்களை ஓடச் சொல்லும் அப்பாக்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வியாழன் இரவு பட்டியலைச் சரிபார்த்தால் மூன்று பேருக்கு ஒன்றும் முடியவில்லை. சரிபார்ப்பு ஒரு மணி நேரத்திலும் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம். அந்த மூவரை டக்அவுட்டுக்குள் (அணி உட்காரும் இடம்) விடாமல் வேலிக்கு வெளியே நிறுத்தினேன். அதில் ஒருவர் இன்றும் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டக்அவுட்டுக்குள் கால் வைக்கப்போகும் ஒவ்வொரு பெரியவரின் பெயரையும் மூன்று வாரத்துக்கு முன்பே வாங்குங்கள், பந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் உட்பட.

இப்போது நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். அம்பயர்களுக்கு ஒரு புதன்கிழமை மாலை பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் மூன்று மணி நேர வகுப்பு எடுத்தேன். 64 ஸ்லைடு. மூன்று வார இறுதியை அதற்கே கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து படம் எல்லாம் வரைந்தேன். கோச்சுகளுக்கு மறுநாள் ஜூமில் தனிக் கூட்டம். எட்டில் ஐந்து பேர் வந்தார்கள், அதில் இருவர் கார் ஓட்டிக்கொண்டே கேட்டார்கள். இரண்டு கூட்டத்திலும் நான்தான் பேசினேன், ஆனால் ஒரே விஷயத்தை ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. அம்பயர்களிடம் ஒரு மாதிரி, கோச்சுகளிடம் ஒரு மாதிரி. இந்த ஓட்டை வழியாகத்தான் அந்த வார இறுதியின் சண்டை அத்தனையும் உள்ளே வந்தது.

முதல் சண்டை வெள்ளி மாலையே. எங்கள் தொடரில் ஒரு மணி 45 நிமிஷத்துக்குப் பிறகு புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று சொந்த விதி ஒன்று வைத்திருந்தோம் (இரு அணியும் ஆளுக்கு மூன்று அவுட் வரை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்; இந்த வயதுக்கு முழு ஆட்டம் ஆறு இன்னிங்ஸ்). எங்கிருந்து நேரத்தைக் கணக்கிடுவது? இரு அணிக் கோச்சுகளையும் அம்பயர் ஹோம் பிளேட்டில் அழைத்துப் பேசும் நேரத்திலிருந்து என்று அம்பயர்களிடம் சொல்லியிருந்தேன். ஜூமில் ஒருவர் கேட்டபோது யோசிக்காமல் "முதல் பந்திலிருந்து" என்று சொல்லிவிட்டேன். இடையில் ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்துக்குள்தான் ஐந்தாவது இன்னிங்ஸின் கடைசி அவுட் விழுந்தது. மூன்றாவது அவுட் விழுந்த கணமே அடுத்த இன்னிங்ஸ் தொடங்கியதாகக் கணக்கு. ஆக ஒரு கணக்குப்படி ஆறாவது உண்டு, இன்னொரு கணக்குப்படி ஆட்டம் முடிந்தது. ஒரு ரன் பின்னால் இருந்த அணி ஆடவேண்டும் என்றது, முன்னால் இருந்த அணி பையைக் கட்டியது. நான் ஆட்டம் முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னேன். தோற்ற கோச்சு என் ஜூம் பேச்சின் பதிவைப் போனில் போட்டுக் காட்டினார். என் குரலை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த அணி சனிக்கிழமை ஆடிவிட்டு, நுழைவுக் கட்டணம் 350 டாலரைத் திருப்பிக் கேட்டது. தப்பு என்னுடையது என்பதால் நானே கொடுத்தேன். போர்டு தடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் ஏன் ஒரு மணி 45 நிமிஷத்தில் ஐந்து இன்னிங்ஸைக்கூடத் தாண்டுவதில்லை? புது அம்பயர்கள் ஸ்டிரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்த பந்து; மூன்று ஆனால் பேட்டர் அவுட்) கொடுக்கப் பயப்படுகிறார்கள். ஸ்டிரைக் எல்லை என்று தொலைக்காட்சியில் காட்டும் சின்னச் செவ்வகம் மனதில் இருக்கிறது. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். ஆனால் பந்தின் ஒரு ஓரம் பிளேட்டின் ஓரத்துக்கு நேர் மேலே வந்தாலே ஸ்டிரைக். பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 3 அங்குலம், ஆக இரண்டு பக்கமும் சேர்த்தால் உண்மையில் 22, 23 அங்குலம். உயரத்தில், லிட்டில் லீக் விதிப்படி அக்குளிலிருந்து முழங்கால் மேல்பகுதி வரை. இது பெரிய இடம். இதைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று வெள்ளி மாலை பார்த்தேன்: பால், பால், பால், பால் (எல்லைக்கு வெளியே போன பந்து; நான்கு ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), நடந்து போ. அடுத்தவன் வந்தான், அவனும் நடந்தான். பையன்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கக் கற்றுக்கொண்டார்கள். பிட்சர் வீசும் பந்து எண்ணிக்கை ஏறுகிறது, வெளியே நிற்கும் பிள்ளை புல்லைப் பிடுங்குகிறது, பெற்றோர் கத்துகிறார்கள். என் 64 ஸ்லைடில் ஸ்டிரைக் எல்லைக்கு அழகான படம் இருந்தது. ஒருவரையாவது பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்க வைத்து, பந்து வரும்போது பார்க்க வைத்தேனா என்றால் இல்லை.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு அம்பயர் என்றால், யாராவது "ஹவ்சாட்" என்று கத்தினால் விரலைத் தூக்குபவர். கேட்காவிட்டால் அவுட்டே கிடையாது. இங்கே அப்படி இல்லை. மட்டை படாத ஒவ்வொரு பந்துக்கும் அவர் வாயைத் திறந்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி. பதினான்கு வயதுப் பையன் வீட்டில் "சாப்பிட்டியா" என்றால் "ம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். அவனை நூறு தடவை உரக்கப் பேசச் சொல்கிறோம். விதியைவிடக் குரலுக்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம் நடந்தது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாவது மைதானத்தில் பிளேட்டில் பதினாறு வயதுப் பெண், பேஸில் பதினான்கு வயதுப் பையன். பையன் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம், நான்தான் அவன் அம்மாவிடம் கேட்டுக் கூட்டி வந்தேன். மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். பேட்டர் அடித்த பந்து நேராக மேலே போய், பிட்சருக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் இறங்கியது. இது இன்ஃபீல்ட் ஃப்ளை. இரண்டுக்கும் குறைவான அவுட் இருந்து, முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆள் இருக்கும்போது, உள்வட்டத்து ஆட்டக்காரர் சுலபமாகப் பிடிக்கக்கூடிய பந்து மேலே போனால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட் என்று அம்பயர் உடனே கத்த வேண்டும். பந்தைப் பிடித்தால் ரன்னர்கள் தங்கள் பேஸிலேயே இருக்கலாம், தரையில் விழுந்தால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும், அவர்களுக்கு முன்பே பந்தோடு அந்த பேஸை மிதித்தால் அவர்கள் அவுட்; அதனால் வேண்டுமென்றே விட்டுவிட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கும் தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. இரண்டு பிள்ளைகளும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். மூன்றாம் பேஸ் பையன் பந்தை நழுவவிட்டான், தந்திரமெல்லாம் இல்லை, நிஜமாகவே நழுவியது. பிறகு எடுத்து, தன் பேஸை மிதித்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்தான். இரண்டு அவுட், இன்னிங்ஸ் முடிந்தது என்று ஒரு பக்கம் துள்ளியது. இன்னொரு பக்கத்துக் கோச்சு டக்அவுட்டிலிருந்து ஓடி வந்தார்.

அவர் கேட்டது சரி, கேட்ட விதம்தான் சரியில்லை. பையனின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, அவனுக்கு விதி தெரியுமா, கண் தெரியுமா, எதற்கு இங்கே நிற்கிறான் என்று கத்தினார். பின்னால் பெஞ்சிலிருந்து பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். நான் முதல் மைதானத்தில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன்? நேராக மைதானத்துக்குள் நடந்து, இரண்டு பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு, பேட்டர் அவுட், ரன்னர்கள் பழைய இடத்துக்கு என்று நானே அறிவித்தேன். தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்த அந்த நிமிஷமே அந்தப் பிள்ளைகள் இருவரும் அம்பயர்கள் இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீர்ப்புக்கும் கோச்சுகள் வேலிக்கு வெளியே நின்ற என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் இருவரையும் ஓரமாக அழைத்து, முடிவைச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பெண்ணையே உரக்கச் சொல்ல வைத்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் பையனைக் காணவில்லை. தின்பண்டக் கொட்டகைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, அழுது முடித்திருந்தான். கையில் இருந்த கிளிக்கரை (பந்தையும் அவுட்டையும் எண்ணும் சின்னக் கருவி) என்னிடம் நீட்டினான். வியர்வையில் பிசுபிசுத்தது. பால் 2, ஸ்டிரைக் 1, அவுட் 1 என்று அந்தப் பந்துக்கு முன் வைத்த கணக்கிலேயே சக்கரம் நின்றிருந்தது. மிச்ச ஆட்டம் முழுவதும் அவன் அதைத் திருப்பவே இல்லை. "அங்கிள், நான் நாளைக்கு வரல" என்றான். சரிப்பா என்றேன். சாயங்காலம் அவன் அம்மா போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணா, அந்த 50 டாலருக்காக இவன் வரலண்ணா. நீங்க கேட்டீங்கன்னுதான் அனுப்பினேன்" என்றார். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஏசி போடக்கூடத் தோன்றவில்லை.

பதின்வயதுப் பிள்ளைகளை அம்பயராக நிறுத்தப்போகிறீர்கள் என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். அவர்கள் நிற்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெரியவர், பெயர் சொல்லி, வேலியோரம் நிற்க வேண்டும். அவர் வேலை விதி சொல்வது இல்லை. கோச்சு எல்லை மீறினால் கோச்சைத் தனியே கூப்பிட்டுப் பேசுவது மட்டும்தான். ஆட்டத்துக்கு முன் அவரே இரண்டு கோச்சுகளிடமும் "இன்று அம்பயர்கள் பிள்ளைகள், இவர்களிடம் பேச வேண்டியதை என்னிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்று வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: "கோச், நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்", "இது விதி பற்றிய கேள்வியா, என் கண் பற்றிய கேள்வியா?", "பெரியவரைக் கூப்பிடுகிறேன்." நடுவில் உள்ள வாக்கியம் ரொம்ப உபயோகமானது. கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்புக்கு முறையீடு கிடையாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும், அடுத்த பந்து வீசுமுன் முறையிடலாம். இது கோச்சுகளிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. இன்ஃபீல்ட் ஃப்ளைக்கு வாய்ப்புள்ள நிலை வரும்போதெல்லாம் இரண்டு அம்பயர்களும் பந்துக்கு முன்பே ஒருவருக்கொருவர் சைகை காட்ட வேண்டும். நாங்கள் இப்போது தொப்பி விளிம்பைத் தொடுகிறோம். விதியை மறப்பது அறியாமையால் இல்லை, அந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் கவனிக்காததால்தான்.

அன்று இரவே அடுத்தது. மதிய ஆட்டத்தில் ஒரு பையன் கொஞ்ச நேரம் பிட்ச் செய்திருந்தான். லிட்டில் லீக் விதிப்படி 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஒரு நாளில் 20 பந்து வரை வீசினால் ஓய்வு தேவையில்லை, 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66க்கு மேல் நான்கு நாள். பத்து வயதுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 75. பையனின் கோச்சு தன் கிளிக்கரில் 19 என்றார். எதிர் அணியின் ஸ்கோர் புத்தகத்தில் 22. கோச்சு மூன்று ஃபவுல் பந்தை (மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போனவை) எண்ணவில்லை. வீசிய பந்து வீசிய பந்துதான், ஃபவுலும் கணக்கு. ஆனால் அதிகாரபூர்வமாக எண்ணுவது யார் என்று நான் யாரையும் நியமித்திருக்கவில்லை. ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் இருவரும் ஒப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. இரவு ஒன்பது மணிக்கு என் கார் பானெட் மேல் புத்தகத்தை விரித்து, போன் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக எண்ணினோம். பந்துக்குப் பந்து எழுதிய கணக்கு அதுதான் என்பதால் 22 என்று முடிவு செய்தேன். ஞாயிறு அரையிறுதியில் பையன் வீச முடியாது. "மூணு பந்துக்காகவா?" என்று கோச்சு கேட்டார். அவருக்குப் பக்கத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான், கை வலிக்கவே இல்லை என்று அவனாகவே சொன்னான்.

அவனைப் பார்த்துச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் 2007க்கு முன் லிட்டில் லீகில் இன்னிங்ஸ் கணக்குதான் இருந்தது, அந்த வருஷம்தான் பந்துக் கணக்கு வந்தது. வளரும் பிள்ளையின் முழங்கை எலும்பில் வளர்ச்சிப் பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது, வலி தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதை நான் கூட்டத்தில் கோச்சுகளிடம் சொல்லியிருந்தால் பானெட் மேல் சொல்ல வேண்டி வந்திருக்காது. ஆட்டத்துக்கு ஒருவர் மட்டும் அதிகாரபூர்வமாக எண்ணட்டும். அவர் எந்த அணியின் அப்பாவாகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிவிலும் எண்ணை இரண்டு டக்அவுட்டுக்கும் உரக்கச் சொல்லட்டும். ஆட்டம் முடிந்ததும் சீட்டில் இரண்டு கோச்சும் கையெழுத்துப் போட்ட பிறகே மைதானத்தை விட்டுப் போகலாம் என்று வைத்துவிடுங்கள். கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கணக்கும் அதே சீட்டில் வரட்டும்: நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று பிட்ச் செய்யக்கூடாது, 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவன் அன்று கேட்சராக நிற்கக்கூடாது. இதைச் சீட்டில் எழுதாவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஞாயிறு இடி இடித்தது. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடியிலிருந்து 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும். நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. வானம் நீலமாக இருக்கிறதே என்று கோச்சுகள் வாதாடினார்கள், அம்பயர் தயங்கி என்னைப் பார்த்தார். பிள்ளைகளை டக்அவுட்டில் உட்கார வைத்தார்கள். திறந்த டக்அவுட் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை, கார்களுக்கு அனுப்ப வேண்டும். நிறுத்தும் அதிகாரம் யாருடையது, பிள்ளைகள் எங்கே போவார்கள், இரண்டையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இறுதி ஆட்டம் இரவு எட்டேகாலுக்கு, பந்து பாதி தெரிந்தும் தெரியாமலும் முடிந்தது. கோப்பை கொடுக்கும்போது கை தட்டினேன், யார் ஜெயித்தார்கள் என்று வீட்டுக்கு வந்து என் பையனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அம்பயர் கூடுதல் 320, திருப்பிக் கொடுத்த கட்டணம் 350, பிள்ளைகளுக்குப் பொருந்தும் அளவில் மாஸ்க்கும் கவசமும் இல்லாததால் வெள்ளி மாலை ஓடிப்போய் வாங்கிய ஒரு செட் 210. மொத்தம் 880 டாலர். கவசத்தை லீக் எடுத்துக்கொண்டு அந்த 210ஐ மட்டும் கொடுத்தது. ஆபீஸ் லீவு நான்கு நாள். அந்தக் கோடையில் ஊருக்குப் போகலாம் என்று வைத்திருந்த லீவில் அது போயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

இலையுதிர் சீசனுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வேறு மாதிரி முயன்றேன். ஸ்லைடு கிடையாது. அம்பயர்கள், கோச்சுகள், ஸ்கோர் எழுதும் பெற்றோர் எல்லோரையும் ஒரே மைதானத்தில் நிற்க வைத்தேன். சொந்த விதிகள் அத்தனையும் ஒரே அட்டையில், ஒரே வாக்கியத்தில்: நேரம் எப்போது தொடங்குகிறது, பந்தை யார் எண்ணுவது, இடிக்கு யார் நிறுத்துவது. அந்த அட்டையை உரக்க வாசித்துவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அப்புறம் கோச்சுகளுக்கு மாஸ்க்கை மாட்டி, பிளேட்டுக்குப் பின்னால், கேட்சருக்கும் பேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில் குனிந்து நிற்க வைத்து, ஆளுக்கு 20 பந்து. என் பையனும் அவன் நண்பர்களும் வீசினார்கள். பந்து கேட்சர் கையுறைக்குள் விழுந்த பிறகு ஒரு மூச்சு விட்டு, அப்புறம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவசரப்பட்டு முதல் பந்துக்கே "ஸ்டிரைக்" என்று கத்திய ஒருவர், பந்து தரையில் குதித்து வந்ததைப் பார்த்து மாஸ்க்கைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆறாவது பந்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஜூனில் விரல் நீட்டிய கோச்சும் வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் 20 பந்தும் பார்த்தார், கிளம்பும்போது கவசத்தை அவரே மடித்து வைத்துவிட்டுப் போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டு கோச்சுகள் வரவே இல்லை, அந்த சீசனில் அதிகம் கத்தியதும் அந்த இருவர்தான்.

ஐஸ் பெட்டிப் பையன் அன்று அவன் அம்மாவோடு வந்தான். அம்பயராக இல்லை, ஸ்கோர் எழுத. பந்து எண்ணும் கிளிக்கரைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஜூனுக்கு அம்பயர் பொறுப்புக்கு ஆள் கேட்டுப் போன வாரம் போர்டிலிருந்து மெயில் வந்தது. அட்டைகளின் அச்சுப் படி, எண்ணிக்கைச் சீட்டு, பிளேட் துடைக்கும் பிரஷ் இரண்டு, எல்லாம் காரின் டிக்கியில் ஒரு பையில் கிடக்கின்றன. எடுப்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன். மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை.